ஸ்ட்ரெயிட்ஸ் வெள்ளி ஆறையும் கிரேடிங்குக்கு அனுப்பினால் மொத்தம் எவ்வளவு ஆகும்?

தேக்கா மணி:

வணக்கம். என் மாமனார் சேர்த்து வைத்த நாணயப் பெட்டி இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. எட்வர்ட் மன்னர் தலை போட்ட ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் காலனி) ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர் நாணயம், ஆறு இருக்கிறது: 1903 இரண்டு, 1904 ஒன்று, 1907 இரண்டு, 1908 ஒன்று. அது போக மலாயா சதுரக் காசு ஒரு டப்பா நிறைய, 1967க்குப் பிறகு வந்த சிங்கப்பூர்ச் சில்லறை கொஞ்சம், கடல்குதிரை போட்ட பத்துக் காசு, வாள்மீன் போட்ட இருபது காசு எல்லாம். விற்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற நாள் வரும்போது எது அசல், எது என்ன தரம் என்று பேச்சு வரக்கூடாது, அதனால் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்கிற அமெரிக்க நிறுவனத்தில் கிரேடிங் செய்து, அதாவது அசலா என்று பார்த்துத் தர எண் போட்டு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, வைத்துவிடலாம் என்கிறார் மனைவி.

இரண்டு நிறுவனங்களின் கட்டணப் பட்டியலையும் பார்த்தேன், தலை சுற்றுகிறது. ஒரே நாணயத்துக்கு நாலைந்து வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, அப்புறம் உறுப்பினர் சந்தா, கையாளும் கட்டணம், திருப்பி அனுப்பும் கட்டணம். சிட்டி ஹால் பக்கம் ஒரு கடையில் கேட்டால் நாணயத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்கிறார்கள், அதற்குள் என்னென்ன அடக்கம் என்று சொல்லவில்லை. நானே கூரியரில் அனுப்பினால் மலிவாகுமா? திரும்பி வரும்போது இங்கே ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொங்கோல் சேகரிப்பாளர்:

மணி அண்ணே, பட்டியலில் முதலில் தெரிகிற அந்த ஒரு எண்ணை மறந்துவிடுங்கள். அது கிரேடிங் கட்டணம் மட்டும்தான். ஒரு நாணயத்துக்கு உங்கள் கையிலிருந்து போகிற மொத்தப் பணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பு எதற்கு என்றால், இரண்டு விஷயத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். நாணயம் புதியதா பழையதா என்பது ஒன்று, நீங்கள் அறிவிக்கிற மதிப்பு எவ்வளவு என்பது இன்னொன்று. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு உச்ச மதிப்பு உண்டு. மலிவான வகுப்பில் போட வேண்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதினால், அவர்கள் பார்த்துவிட்டு மேல் வகுப்புக்கு மாற்றி அந்தக் கட்டணத்தையே வாங்கிக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, வழியில் பொட்டலம் தொலைந்தால் நீங்கள் எழுதின மதிப்புதான் கணக்கு. 800 சிங்கப்பூர் வெள்ளி பெறுமான நாணயத்தை 200 என்று எழுதியிருந்தால் 200க்கு மேல் வாய் திறக்க முடியாது.

கிரேடிங்குக்கு மேல் ஆர்டருக்கு ஒரு கையாளும் கட்டணம் உண்டு, ஒரு நாணயம் அனுப்பினாலும் இருபது அனுப்பினாலும் அது ஒன்றுதான். திருப்பி அனுப்புவது தனி, எண்ணிக்கையையும் மதிப்பையும் வைத்துப் போடுவார்கள். வகைப்பாடு எழுதச் சொன்னால் கூடுதல் பணம். உங்கள் 1903இல் இது வரலாம், ஏனென்றால் பம்பாய் நாணயச்சாலையின் ‘பி’ எழுத்து அதில் மேலே எழும்பியும் வரும், உள்ளே பதிந்தும் வரும், இரண்டும் தனித்தனி வகை. நல்ல புகைப்படம் வேண்டும் என்றால் சில வகுப்புகளில் அதற்கும் தனிக் காசு. நேரடியாக அனுப்பப் பணம் கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற டீலர் வழியாகப் போக வேண்டும். சில சந்தாத் திட்டங்களில் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை கிரேடிங் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம், அதையும் பாருங்கள். கட்டணம் எல்லாம் அமெரிக்க டாலரில் போகும், உங்கள் வங்கி அட்டை அதன் மேல் வெளிநாட்டு நாணய மாற்றுக் கட்டணம் வைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை சும்மா வைத்துக்கொள்கிற எண்கள், அன்றைய பட்டியலைப் பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். கிரேடிங் நாணயத்துக்கு 60 வெள்ளி, ஆறுக்கு 360. கையாளும் கட்டணம் 15. காப்புறுதியோடு போகிற கூரியர் 120. திரும்பி வர 100. மொத்தம் 595, நாணயத்துக்கு ஏறக்குறைய 99 வெள்ளி. இதே ஒரே ஒரு நாணயத்தை மட்டும் அனுப்பினால் கூரியர் கொஞ்சம் குறையும், ஆனால் பாதியாகக் குறையாது, எப்படியும் 230, 250 வெள்ளியில் போய் நிற்கும். 60 வெள்ளி என்று பட்டியலில் பார்த்தது நாலு மடங்கு ஆகிவிடுகிறது. அதனால்தான் ஒன்றிரண்டாக அனுப்பாதீர்கள் என்று எல்லாரும் சொல்வது.

காலக்கெடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் சொல்கிற வேலை நாள் கணக்கு, நீங்கள் அஞ்சலில் போட்ட நாளிலிருந்து ஓடாது. பொட்டலத்தைப் பிரித்து ஆர்டராகப் பதிவு செய்த பிறகுதான் ஓடும்.

கிளமெண்டி ராஜா:

கட்டணத்துக்கு முன்னால் நிறுத்துப் பாருங்கள். ஸ்ட்ரெயிட்ஸ் வெள்ளியில் போலி அவ்வளவு புழங்குகிறது. 1903, 1904 என்றால் 26.95 கிராம், குறுக்களவு சுமார் 37 மில்லிமீட்டர். 1907, 1908 என்றால் சிறிய அளவு, 20.21 கிராம், சுமார் 34 மில்லிமீட்டர். வெள்ளி உலோகத்தின் விலை ஏறி நாணயத்தின் முகமதிப்பை எட்டியதால் அளவைக் குறைத்தார்கள். இரண்டு அளவும் 90 விழுக்காடு வெள்ளிதான். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ஆனால் 1903 ஒன்று 23 கிராம் காட்டினால் அதை அனுப்பவே வேண்டாம். காந்தத்தில் ஒட்டினாலும் அப்படியே. போலி என்று அவர்கள் கண்டுபிடித்தால் பெட்டியில் போடாமல் திருப்பி அனுப்புவார்கள், கட்டணம் திரும்பி வராது.

முஸ்தபா கடையில் இருபது முப்பது வெள்ளிக்குள் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கும். இரண்டு தசமம் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

தேக்கா மணி:

நன்றி அண்ணே, ராஜா. நிறுத்துவிட்டேன். 1903 இரண்டும் 26.8க்கு மேல், 1904 அதே மாதிரி. 1907இல் ஒன்று 20.1, இன்னொன்று 17.6 காட்டுகிறது, நிறமும் கொஞ்சம் மஞ்சளடிக்கிறது. 1908 எடை சரி.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு 1903 மட்டும் பூஜை மாடத்தில் இருந்தது, மாமியார் வெள்ளிச் சாமான் தேய்க்கும்போது அதையும் திருநீறு போட்டுத் தேய்ப்பார், பளபளவென்று இருக்கிறது. 1904 உச்சியில், மன்னர் கிரீடத்துக்கு நேர் மேலே, விளிம்பில் சின்னதாக ஒரு தடிப்பு தெரிகிறது. சங்கிலியில் கோத்திருந்தார்களோ என்னவோ. இதற்கெல்லாம் தரம் குறையுமா?

பொங்கோல் சேகரிப்பாளர்:

குறைவது இல்லை அண்ணே, எண்ணே கிடைக்காது. 1 முதல் 70 வரை உள்ள அந்த எண் தேய்த்த நாணயத்துக்குப் போட மாட்டார்கள். அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்று ‘டீடெயில்ஸ்’ என்ற குறிப்போடு பெட்டியில் வரும். வளையம் பற்றவைத்து எடுத்த தடம் இருந்தாலும் அதே கதை. கட்டணம் மட்டும் முழுதாகப் போகும்.

நம் வீடுகளில் இது நிறைய நடந்திருக்கிறது. லட்சுமி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது, திருநீறு, புளி போட்டுத் தேய்ப்பது. அன்போடு செய்ததுதான், ஆனால் வெள்ளியின் மேல் இயற்கையாக இருக்கிற அந்த மெல்லிய மினுமினுப்பு மயிரிழைக் கீறலில் போய்விடுகிறது. விளக்கு வெளிச்சத்தில் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றிப் பாருங்கள். தேய்க்காத நாணயத்தில் ஒளி சக்கர ஆரம் மாதிரி சுற்றி ஓடும், தேய்த்ததில் ஒரே தட்டையாக நிற்கும், கன்னத்திலும் பின்னணியிலும் ஒரே திசையில் கோடு கோடாகத் தெரியும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

அந்த 1903ஐ மாமியார் தேய்த்தது என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு கிரேடிங் வேண்டாம். 17.6 கிராம் 1907ஐயும் ஒதுக்கிவிடுங்கள். 1904ஐ யாராவது அனுபவப்பட்டவரிடம் பூதக்கண்ணாடியில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஆக உறுதியாக அனுப்பத் தகுந்தது மூன்றுதான். மலாயா சதுரக் காசு டப்பாவும் வாள்மீன் இருபது காசும் வேண்டவே வேண்டாம், புழக்கத்தில் தேய்ந்த காசுக்கு நூறு வெள்ளி செலவழித்தால் அந்த நூறு திரும்பவே திரும்பாது. புழங்காத நிலையில் செம்புச் சிவப்பு மாறாமல் ஏதாவது இருந்தால் அது வேறு, படம் போடுங்கள் பார்க்கலாம்.

லாவண்யா சாங்கி:

நான் சரக்கு அனுப்பும் துறையில் இருக்கிறேன், அனுப்புவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீளமாகப் போகும், ஆனால் பணம் போகிற இடம் இதுதான்.

முதல் விஷயம், கூரியர் நிறுவனம் நாணயத்தை எடுத்துக்கொள்கிறதா என்று அவர்களின் நிபந்தனைகளைப் படியுங்கள். பெரிய கூரியர்கள் பலவற்றில் நாணயம், ரொக்கம், விலையுயர்ந்த உலோகம் தடை செய்யப்பட்ட பட்டியலிலோ பொறுப்பு குறைக்கப்பட்ட பட்டியலிலோ இருக்கும். கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள், காப்புறுதிக்கும் பணம் வாங்கிக்கொள்வார்கள், தொலைந்த பிறகு நிபந்தனையைக் காட்டி கை விரிப்பார்கள். வாடிக்கையாளர் ஒருவருக்கு இது நடந்து நான் பார்த்திருக்கிறேன். அதனால் ‘சேகரிப்பு நாணயம், இவ்வளவு மதிப்பு, ஏற்கிறீர்களா’ என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இல்லை என்றால் சேகரிப்புப் பொருளுக்கென்றே தனிக் காப்புறுதி எடுக்கலாம், அதில் போக்குவரத்தும் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது அமெரிக்கப் பக்கம். முன்பெல்லாம் 800 அமெரிக்க டாலருக்குள் உள்ள பொட்டலம் வரியில்லாமல் உள்ளே போகும். அந்தச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். இப்போது சின்னப் பொட்டலத்துக்கும் முறையான அறிவிப்பு வேண்டும். சுங்கக் குறியீட்டில் கவனம் தேவை, நாணயம் என்றால் 7118, நாணயவியல் சேகரிப்புப் பொருள் என்றால் 9705, எது பொருந்தும் என்று அனுப்புவதற்கு முன்பே முகவரிடம் பேசிவிடுங்கள். தயாரான நாடு என்ற கட்டத்தில் சிங்கப்பூர் என்று போடாதீர்கள். 1903, 1904 வெள்ளி பம்பாயில் அடித்தது. 1907இல் ‘எச்’ எழுத்து இருந்தால் பர்மிங்ஹாம். ‘விற்பனைக்கு அல்ல, தரம் பார்த்துத் திருப்பி அனுப்ப’ என்பதையும் விலைப்பட்டியலில் எழுதுங்கள்.

மூன்றாவது, உங்கள் கேள்வி, திரும்பி வரும்போது ஜிஎஸ்டி. அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து, 400 வெள்ளிக்குள் இருந்தால் வரி இல்லை. தாண்டினால் 9 விழுக்காடு, தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும். 3000 வெள்ளி என்று அறிவித்த பொட்டலம் சாதாரண இறக்குமதியாக வந்தால் 270 வெள்ளிக்குக் குறையாது, அதை முன்பணமாகக் கட்டியதற்குக் கூரியர் ஒரு கட்டணம் வேறு போடும். பொங்கோல் அண்ணன் போட்ட 595 வெள்ளிக் கணக்கு 865 ஆகிவிடும், நாணயத்துக்கு 99 என்பது 144. முதலீட்டு உலோகத்துக்கு வரி கிடையாதே என்று நினைக்காதீர்கள், அந்த விலக்குக்கு வெள்ளி 99.9 விழுக்காடு தூய்மை வேண்டும், ஸ்ட்ரெயிட்ஸ் வெள்ளி 90தான்.

ஆனால் இது உங்கள் பொருளே வெளியே போய்த் திரும்புவது. அப்படி வருவதற்கு வரிவிலக்குக் கேட்கச் சுங்கத்துறையில் வழி உண்டு. தானாகக் கிடைக்காது, இங்கிருந்து போன பொருள்தான் திரும்புகிறது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். போகும்போதே ஒவ்வொரு நாணயத்தையும் இரு பக்கமும் படமெடுங்கள், எடையை எழுதுங்கள், அனுப்பிய ரசீது, விலைப்பட்டியல், கிரேடிங் படிவம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மூன்றிலும் மதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். திரும்பி வரும் பொட்டலம் விமானம் ஏறுவதற்கு முன்பே கூரியரின் சுங்கப் பிரிவுக்கு அந்தக் கோப்பை அனுப்பி, மறு இறக்குமதி என்று அறிவிக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு கேட்டால் தாமதம்.

பிடோக் அன்வர்:

லாவண்யா சொன்னதைப் படித்தாலே தெரியும், மூன்று நான்கு நாணயத்துக்கு இத்தனை வேலையைத் தனியாகச் செய்வது வீண். கடை வழியாகப் போங்கள் மணி. அவர்கள் பல பேருடையதைச் சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்புவார்கள், கூரியர் செலவு பிரிந்துவிடும், சந்தாவும் வேண்டாம். பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுக்கும் ஹாங்காங்கில் அலுவலகம் இருக்கிறது, சில டீலர்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஹாங்காங்கில் ஜிஎஸ்டி மாதிரி வரி கிடையாது, அமெரிக்கச் சுங்கத் தலைவலியும் இல்லை. நாணயக் கண்காட்சி நடக்கும்போது இந்த நிறுவனங்கள் இங்கேயே மேசை போட்டு வாங்குவதும் உண்டு, அப்போது போகிற கூரியர் செலவே உங்களுக்கு இல்லை.

ஆனால் ஒரே தொகை என்று சொன்ன அந்தக் கடையிடம் கட்டாயம் கேளுங்கள். எந்த நிறுவனம், எந்த வகுப்பு, எந்த நாட்டு அலுவலகம்? மேல் வகுப்புக்கு மாற்றினால் வித்தியாசத்தை யார் கட்டுவது? டீடெயில்ஸ் என்று வந்தாலும் அதே தொகையா? திரும்பி வரும்போது ஜிஎஸ்டி வந்தால் அந்தத் தொகைக்குள் அடங்குமா? எல்லாவற்றுக்கும் மேல், நாணயம் அவர்கள் கையில் இருக்கும்போது தொலைந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு வரை? கூரியர் காப்புறுதி பொட்டலத்துக்கு மொத்தமாக இருக்கும், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தாளில் இருக்க வேண்டும். ரசீதில் ‘வெள்ளி நாணயம் 3’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆண்டு, எடை, அறிவித்த மதிப்பு, படம் எல்லாம் வேண்டும். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவரே முன்வந்து செய்வார்.

இன்னொன்று, தலைப்புக்கு ஒட்டியதுதான். இந்தியாவில் அனுப்பி வாங்கலாமே, ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யாதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய நாணயம் அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உள்ளே போனால் தனிநபர் வெளியே கொண்டு வர முடியாது. உங்கள் ஆறு வெள்ளியும் நூறைத் தாண்டியவை.

தேக்கா மணி:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மூன்று வெள்ளியைக் கடை வழியாகவே கொடுக்கிறேன், அன்வர் சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துப் போகிறேன். 1904ஐயும் கொண்டுபோய்க் காட்டுகிறேன். மாமனார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார், 1908 மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. அதைத் துடைத்துவிட்டுக் கொடுக்கலாமா?

பொங்கோல் சேகரிப்பாளர்:

துடைக்காதீர்கள்! அது பழைய பிவிசி உறையிலிருந்து கசிந்தது. துணி வைத்துத் துடைத்தால் பூஜை மாடத்து 1903 மாதிரி ஆகிவிடும். கலப்பில்லாத அசிட்டோன் வாங்கி, நகச்சாயம் அழிக்கிற திரவம் அல்ல, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை ஊறவிடுங்கள், அசிட்டோன் வெள்ளியை ஒன்றும் செய்யாது. கையால் தேய்க்க வேண்டாம். ஊறிய பிறகு புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, தானாகக் காயவிடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும். பயமாக இருந்தால் அப்படியே கொடுங்கள், என்ஜிசியில் இதைச் சுத்தப்படுத்தித் தரும் பிரிவு தனியாக இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம்.

காய்ந்ததும் பிவிசி கலக்காத மைலார் உறையில், ஒன்றுக்கு ஒன்று, விளிம்பைப் பிடித்துப் போடுங்கள். அட்டை உறையில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் முதலில் பின்னை முழுவதும் பிடுங்கிவிட்டு அப்புறம் நாணயத்தை வெளியே எடுங்கள். பாதி கழன்ற பின் மன்னர் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும், அத்தனை கட்டணமும் வீண்.